பச்சைக் கிளி, பச்சைத் தண்ணீர், பச்சைப் பொய்! - வீட்டிலேயே தயாரிக்கலாம் பெயரடை ஒர்க் ஷீட்

'அட்ஜெக்டிவ் ஒர்க் ஷீட்' என்று போனில் தட்டினால் போதும். சிவப்பு ஆப்பிள், பெரிய யானை, உயரமான ஒட்டகச்சிவிங்கி, குளிரில் நடுங்கும் பனிமனிதன் என்று கண்ணைப் பறிக்கும் பக்கங்கள் வந்து குவிகின்றன. அதில் நான்கைந்தை எடுத்து, குடவாசல் கடைத்தெருவில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பத்து நிமிடத்தில் பிரின்ட் கைக்கு வந்துவிடும். யூ.கே.ஜி. பிள்ளையும் அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்து, படத்துக்கும் சொல்லுக்கும் கோடு போட்டு முடித்துவிடும்.

அதே பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்ததும், 'என் ஊர்' என்று தமிழில் ஐந்து வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். 'எங்கள் ஊர் அழகான ஊர். இங்கே பெரிய கோயில் இருக்கிறது. பெரிய குளம் இருக்கிறது. மக்கள் நல்ல மக்கள்.' அழகான, பெரிய, நல்ல... இந்த மூன்றோடு கையிருப்பு தீர்ந்துபோகும். ஆங்கிலத்தில் இருபது அட்ஜெக்டிவ் ஒப்பிக்கும் குழந்தை, தன் வீட்டு வாசலில் இருக்கும் சேற்றைச் சொல்ல வார்த்தை இல்லாமல் நிற்கிறது. இணையத்தில் கிடைக்கும் அந்த ஆங்கிலப் பக்கங்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தாலும் இந்தக் குறை தீராது. ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம்.

பெரிய, பெரிதர், பெரிதெஸ்ட்?

தொல்காப்பியமும் நன்னூலும் தமிழ்ச் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகத்தான் பிரிக்கின்றன. அட்ஜெக்டிவ் என்று தனியாக ஒரு பெட்டி அங்கே கிடையாது. 'பெயரடை' என்பது பிற்காலத்தில் வந்த பெயர். பெட்டிதான் இல்லையே தவிர, வேலை நன்றாகவே நடக்கிறது. 'நல்ல', 'பெரிய' போன்றவற்றைக் குறிப்புப் பெயரெச்சம் என்றார்கள். 'அழகு' என்ற பெயரோடு 'ஆன' சேர்த்தால் 'அழகான'. வினையிலிருந்து 'காய்ந்த', 'கிழிந்த', 'ஓடுகிற'. எல்லாவற்றையும் சுருக்கி ஒட்டிவிட்டால் செந்தாமரை, வெந்நீர் போன்ற பண்புத்தொகை.

பிள்ளைக்கு இந்தப் பெயர்கள் எதுவும் இப்போது வேண்டாம். ஒர்க் ஷீட் தயாரிக்கும் அம்மா, அப்பாவுக்குத்தான் வேண்டும். காரணம், ஆங்கிலப் பக்கங்களில் தவறாமல் வரும் 'பிக், பிக்கர், பிக்கஸ்ட்' பயிற்சி. தமிழில் 'பெரிய' என்ற சொல் வளர்வதே இல்லை. 'குடவாசலைவிடக் கும்பகோணம் பெரிய ஊர்', 'தெருவிலேயே பெரிய வேப்பமரம்' என்று, பக்கத்தில் நிற்கும் 'விட'வும் 'இலேயே'யும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. மூன்று கட்டம் போட்டு 'பெரிய, மிகப் பெரிய, மிக மிகப் பெரிய' என்று நிரப்பச் சொன்னால், வீட்டில் யாரும் பேசாத ஒரு தமிழைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது போலாகும். மூன்று கட்டத்துக்குப் பதிலாக மூன்று மரங்களை வரைந்து, '______ விட ______ உயரமான மரம்' என்று கோடிட்ட இடம் விட்டால் வேலை முடிந்தது.

முதல் தாள்: ஒரே ஒரு பச்சை

இருக்கும் பயிற்சிகளிலேயே பிள்ளைகள் அதிகம் சிரிக்கும் பயிற்சி இதுவாகத்தான் இருக்கும். ஒரு ஏ4 தாளின் நடுவில் வட்டம் போட்டு, அதற்குள் 'பச்சை' என்று எழுதுங்கள். சுற்றிலும் பத்துக் கட்டங்கள். கிளி, பயறு, தண்ணீர், பால், மிளகாய், குழந்தை, மண், பொய், புண், உடம்பு. இவ்வளவுதான் தாள்.

இப்போது கேள்வி: இவற்றில் எதையெல்லாம் பச்சை கிரேயானால் தீட்டலாம்?

கிளி, சரி. பச்சைப் பயறு, சரி. அறுவடை முடிந்த வயலில் விதைப்பதைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு அதைச் சொல்லவே வேண்டாம். மிளகாயும் சரி. பச்சைத் தண்ணீர்? அங்கே கிரேயான் நிற்கும். பச்சைத் தண்ணீர் என்றால் சூடு காட்டாத தண்ணீர். பச்சைப் பால் என்றால் காய்ச்சாத பால். பச்சைக் குழந்தை என்றால் பிறந்து சில நாள்களே ஆன குழந்தை. பச்சை உடம்பு என்பது பிள்ளை பெற்று இன்னும் தேறாத உடம்பு. அதை அப்பாயியிடம் கேட்டால் அரை மணி நேரம் கதை கிடைக்கும். பச்சைப் புண், இன்னும் ஆறாத புண். பச்சைப் பொய்யில் நிறமும் கிடையாது, ஈரமும் கிடையாது. ஒளிவுமறைவே இல்லாத பொய், அவ்வளவுதான்.

சமையலறையிலிருந்து பதினோராவது கட்டம் ஒன்றும் சேர்க்கலாம். பச்சரிசி. வெள்ளை வெளேரென்று இருக்கும் அரிசிக்கு எதற்குப் பச்சை? புழுக்காத நெல்லிலிருந்து வந்தது என்பதால். பக்கத்து டப்பாவில் இருக்கும் புழுங்கலரிசியையும் ஒரு பிடி எடுத்து இரண்டையும் தட்டில் கொட்டிக் காட்டினால், அந்தச் சொல் ஆயுசுக்கும் மறக்காது. நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு ஆப்பிள் படத்தை வைத்துப் பாடம் நடத்த வேண்டியதில்லையே!

இந்தத் தாளில் ஒற்றெழுத்துப் பாடமும் ஓசையில்லாமல் நடந்துவிடும். பச்சைக் கிளி, பச்சைத் தண்ணீர், பச்சைப் பால் என்று க், த், ப் வருகிறது. ஆனால் 'பெரிய கிளி', 'நல்ல தண்ணீர்', 'சூடான பால்' என்றால் வராது. பச்சை போன்ற நிறப் பெயருக்குப் பிறகு வல்லினம் மிகும்; நல்ல, பெரிய, அழகான போன்றவற்றுக்குப் பிறகு மிகாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒற்றுக்கு ஒரு சின்னச் சதுரம் விட்டு, தேவையான இடத்தில் மட்டும் நிரப்பச் சொல்லலாம். கடைப் பலகைகளில் பெரியவர்களே தடுமாறுகிற இடம் இது.

இரண்டாம் தாள்: ஊர்ப் பெயரை உடை

இது நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. குடவாசலைச் சுற்றியிருக்கும் ஊர்களும் ஆறுகளும் பெயரடைகளைப் பெயருக்குள்ளேயே வைத்திருக்கின்றன. நன்னிலம் என்றால் நல்ல நிலம். வெண்ணாறு, வெண்மை + ஆறு. புத்தாறு, புதுமை + ஆறு. இடது பக்கம் ஊர்ப் பெயர், நடுவில் இரண்டு காலிக் கட்டம், வலது பக்கம் 'அதனால் இது எப்படிப்பட்ட ஆறு?' என்ற கேள்வி. இடையில் வேண்டுமென்றே வெட்டாற்றையும் வையுங்கள். வெட்டு + ஆறு. முன்னால் நிற்பது நிறமோ அளவோ இல்லை, ஒரு செயல். கெட்டிக்காரப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

கடைசி வரியில் குடவாசலையே கொடுக்கலாம். சங்க காலத்தில் இந்த ஊர் குடவாயில். 'குட' என்றால் மேற்கு. அப்படிப் பிரித்தால் மேற்கு வாயில். அமுதக் குடத்தின் வாய்ப்பகுதி விழுந்த இடம் என்கிறது தலபுராணம். அப்படிப் பிரித்தால் குடம் + வாயில். முதல் விடையில் 'குட' எந்த வாயில் என்று காட்டுகிறது. இரண்டாவதில் அது ஒரு பாத்திரம். எது சரி என்று தீர்ப்பு சொல்ல வேண்டாம். இரண்டு வாயிலையும் வரையச் சொன்னால் போதும்.

கோணேசுவரர் கோயிலுக்குப் போகும்போது இதே விளையாட்டைத் தொடரலாம். மாடக்கோயில்களைக் கட்டியவர் என்று சொல்லப்படும் மன்னர் கோச்செங்கட் சோழன். கோ + செம்மை + கண். சிவந்த கண்ணுடைய அரசன். இந்தச் செங்கணானிடம் போரில் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்ததாகப் புறநானூற்றின் 74ஆம் பாடலின் அடிக்குறிப்பு சொல்கிறது. சிறையில் தண்ணீர் கேட்டு, அது தாமதமாக வந்ததால் அவமானம் தாங்காமல் போன அரசன் அவர். கதையைச் சொல்லிவிட்டு, 'அவருக்கு வந்தது எப்படிப்பட்ட தண்ணீர்?' என்று ஒரு காலிக் கட்டம் வைக்கலாம். 'தாமதமான தண்ணீர்' என்று ஒரு பிள்ளை எழுதலாம். 'வேண்டாத தண்ணீர்' என்று இன்னொரு பிள்ளை எழுதலாம். ஆப்பிள் தாளில் இப்படி இரண்டு விடைக்கு இடம் கிடையாது.

இதே முறையில் நெல் ரகங்களையும் கொடுக்கலாம்: கருங்குறுவை, கருப்புக் கவுனி, தூயமல்லி. பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து 2018இல் மறைந்த நெல் ஜெயராமனும் இதே திருவாரூர் மாவட்டத்துக்காரர்தான். பொங்கல் விடுமுறைக்கு ஏற்ற தாள்.

மூன்றாம் தாள்: கை விட்டுப் பார்

எல்.கே.ஜி., யூ.கே.ஜி. குழந்தைகளுக்கு இது போதும். ஒரு துணிப்பைக்குள் தேங்காய் நார், வாழையிலைத் துண்டு, கல்லுப்பு, பஞ்சு, வெல்லக்கட்டி. பார்க்காமல் கைவிட்டுத் தொட வேண்டும். தாளில் சொரசொர, வழவழ, நறநற, மெத்மெத், பிசுபிசு என்று ஐந்து வரிசை. எதிரே படம் வரையக் காலிக் கட்டம். இப்படிச் சத்தத்தாலேயே தொடுகையைச் சொல்லும் வசதி தமிழில் கொட்டிக் கிடக்கிறது. வெல்லத்தைத் தொட்ட கையோடு தாளைத் தொட்டால் தாளும் பிசுபிசுவாகும். பரவாயில்லை.

நான்காம் தாள்: எங்கே வலிக்குது, எப்படி வலிக்குது?

மற்ற தாள்களை விட்டாலும் இதை விடாதீர்கள். இரவு பத்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் 'என்னம்மா பண்ணுது?' என்று கேட்டால், 'வலிக்குது' என்ற ஒரே பதில்தான் வரும். மருத்துவர் கேட்பதோ, எப்படிப்பட்ட வலி என்று. குத்துகிற வலியா, எரிகிற வலியா, முறுக்குகிற வலியா, விட்டு விட்டு வருகிற வலியா? ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் புதுச் சொல் கற்றுக்கொடுக்க முடியாது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒரு பிள்ளையின் உருவத்தைக் கோட்டுப்படமாக வரையுங்கள். பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள்: குத்துகிற வலிக்கு ஊசி, எரிகிற வலிக்கு அடுப்பு, முறுக்குகிற வலிக்குப் பிழியப்படும் துணி, விண்விண்ணென்று தெறிக்கிற வலிக்கு மேளம். அவற்றை வெட்டி, உடம்பில் எங்கே என்று வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 'முள் குத்தினப்போ எப்படி இருந்துச்சு? காய்ச்சல்ல தலை எப்படி இருந்துச்சு?' என்று பழைய வலிகளை வைத்தே விளையாடலாம். கவனித்தால், இதில் இருப்பவை எல்லாமே 'கிற' என்று முடியும் பெயரெச்சங்கள். இலக்கணம் தானாக உள்ளே போய்விடும்.

தாளின் பின்பக்கத்தில் 'காணாமல் போன என் பை' என்று இன்னொரு பயிற்சி. என்ன நிறம், எந்த இடத்தில் கிழிந்த பை, எத்தனை ஜிப் வைத்த பை? மூன்று அடையாளம் எழுத வேண்டும். 'நல்ல பை' என்று எழுதினால் அந்தப் பை கிடைக்காது என்று பிள்ளைக்கே புரியும். திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட குழந்தை, 'எங்க அம்மா மஞ்சள் சேலை கட்டின அம்மா' என்று சொல்லத் தெரிந்திருந்தால், தேடுகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

அச்சடிக்கும் முன்...

தமிழில் டைப் செய்த தாளை அப்படியே டாக்குமென்ட் ஃபைலாகக் கடைக்கு அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ வரக்கூடும். பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள். அதைவிட எளிது, வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி நான்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வது. நிறம் சொல்லித்தரும் தாளைக் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்துவிட்டு, 'சிவப்புப் பூ எது?' என்று பிள்ளையைக் கேட்கும் வேடிக்கையும் பல வீடுகளில் நடக்கிறது.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு விதமான தாள் தேவையில்லை. 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாக வைத்துப் பயிற்சி தருகிறார்கள். அதே யோசனைதான் இங்கும். பச்சைத் தாளில் சின்னவள் கிளிக்கு நிறம் தீட்டட்டும், நடுவிலவன் ஒற்றெழுத்தை நிரப்பட்டும், பெரியவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதட்டும். 2007-08 வாக்கில் செயல்வழிக் கற்றல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்கப் பரவியபோது அட்டைகளை எடுத்து எடுத்துப் படித்தவர்களில் சிலர் இன்று இளம் பெற்றோர்கள். அவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கூடுதலாகப் படிக்க ஏதாவது வேண்டுமென்றால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவிறக்கிப் பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கதையை எடுத்து, அதில் வரும் பெயரடைகளை மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்து ஜெராக்ஸ் எடுத்தால், அதுவே ஐந்தாவது தாள். மறைத்த இடத்தில் பிள்ளை என்ன எழுதினாலும் முதலில் சத்தமாகப் படிக்க விடுங்கள். 'பச்சை ஹோம்ஒர்க்' என்று எழுதியிருந்தால், தவறு என்று கோடு போடுவதற்கு முன் என்ன அர்த்தம் என்று கேளுங்கள். இன்னும் தொடாத ஹோம்ஒர்க்காக இருக்கலாம்!