கோர்செட் டாப்பும் எங்க ஊரு கட்டமும்

கோர்செட் டாப் போடலாமா கூடாதான்னு எங்க வகுப்புல ஒரு பட்டிமன்றமே நடந்துச்சு. கலாச்சாரம் என்னாவதுன்னு ஒரு கோஷ்டி, என் உடம்பு என் இஷ்டம்னு இன்னொரு கோஷ்டி. என் கேள்வி வேற. அதைப் போட்டுக்கிட்டு பழவேற்காட்டுலேர்ந்து பொன்னேரி வரைக்கும் பஸ்ல மூச்சு விட்டுக்கிட்டு வர முடியுமா?

முன்னாடியெல்லாம் கோர்செட்டை விறைப்பா நிக்க வைக்க 'திமிங்கில எலும்பு' வெச்சாங்க. பேருதான் எலும்பு, உண்மையில அது திமிங்கிலத்தோட வாயில இருக்குற பட்டை. இப்போ பிளாஸ்டிக், இல்லேன்னா இரும்புப் பட்டை. லைட்ஹவுஸ் குப்பத்து உப்புக்காத்துக்கு இரும்பு வேண்டவே வேண்டாம். கொக்கியே துருப்பிடிச்சு துணியில கறை விடும். பிளாஸ்டிக் பட்டை, பருத்தி உள்துணி, முதுகுல நாடா. நாடா இருந்தா சாப்பிட்டப்புறம் கொஞ்சம் தளர்த்திக்கலாம் :-) வாங்குறதுக்கு முன்னாடி உக்காந்து பாருங்க, கையைத் தூக்கிப் பாருங்க. விலா எலும்பு குத்துதுன்னா எவ்ளோ தள்ளுபடின்னாலும் வெச்சுட்டு வந்துருங்க.

கடையில இதுக்கு 'ரஸ்டிக் லுக்'னு பேரு. கிராமத்துப் பொண்ணு மாதிரியாம். எந்த கிராமம்? பிரான்ஸ் ராணி மரீ அந்துவானெத் அரண்மனைத் தோட்டத்துலயே ஒரு பொம்மை கிராமம் கட்டிக்கிட்டவங்க. 1783-ல அவங்க வெள்ளை மஸ்லின் உடுப்புல இருக்குற ஓவியத்தைக் கண்காட்சியில வெச்சப்போ, உள்ளாடையோட நிக்கிறாங்கன்னு சலசலப்பாகி, படத்தையே எடுக்க வேண்டியதாச்சு. பணக்காரங்க விளையாடுற கிராமம் அது. எங்க குப்பத்துல வலையிலேர்ந்து நண்டு பிரிக்கிற அக்காங்க நைட்டி மேல துண்டு போட்டிருக்காங்க. அதை யாரும் ரொமாண்டிக்னு சொல்றதில்லையே!

உடுப்பு மேல எனக்குக் கோவம் இல்ல. அடுத்தவன் கிராமத்தை ஏன் காசு குடுத்து வாங்கணும்னுதான் கேக்குறேன். 1613-ல டச்சுக்காரங்க பழவேற்காட்டுல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களுக்கு இதுதான் தலைமையிடம். வந்ததே முக்கியமா துணிக்காக. மலேசியாவுல கட்டம் போட்ட லுங்கிக்கு இன்னிக்கும் 'கைன் பெலிக்காட்'னு பேரு. பெலிக்காட்னா புலிகாட், அதாவது எங்க ஊரு!

அப்போ கட்டம் போட்ட பருத்தி லுங்கித் துணியை எடுத்து, ஜாக்கெட் தைக்கிற அக்காகிட்ட குடுங்க. உங்க அளவுக்கே தைப்பாங்க, பிரிச்சு விட உள்ள துணியும் விடுவாங்க. ரெடிமேட்ல அது கிடைக்காது. பி.காம். மூளைக்கு இது லாபக் கணக்கு. காசும் ஊருக்குள்ளயே சுத்தும். உள்ள தொளதொளன்னு வெள்ளை சட்டை, கீழ ஒரே நிறத்துல நீளப் பாவாடை, தட்டை செருப்பு, ஒரு முழம் மல்லிப்பூ. மேல கட்டம், கீழயும் கட்டம்னு போட்டுடாதீங்க, கண்ணு வலிக்கும். வீட்டுல முறைச்சா அதே டாப்பை புடவைக்கு ஜாக்கெட்டா போட்டுக்கோங்க.

ராணி விளையாடின கிராமத்தை விட நாம இருக்குற கிராமம் ஒண்ணும் மட்டமில்லைங்க.