பாவனை வகுப்பறை

ஆங்கில ஆசிரியர்களுக்குப் பட்டம் தருகிறோம். பழக்கம் தருவதில்லை.

பெங்களூரு சிட்டி ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, தண்டவாளங்களை ஒட்டிய பகுதி ஒக்கலிபுரம். பக்கத்திலேயே ஸ்ரீராமபுரம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வசிக்கும் இடங்கள். இங்கே வளரும் குழந்தைக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கூட விளையாடும் பிள்ளைகளின் புண்ணியத்தில் கொஞ்சம் உருதுவோ தெலுங்கோ. யாரும் பாடம் நடத்தாமலே மூன்று மொழிகளைப் பிடித்துக்கொண்ட இந்தக் குழந்தைக்கு, பத்து வருடம் பாடம் நடத்தியும் ஆங்கிலம் மட்டும் வருவதில்லை.

யார் மீது பழி? குழந்தையின் மூளை மீது, பெற்றோரின் படிப்பின்மை மீது, பாடப்புத்தகத்தின் மீது, பயிற்று மொழி மீது. கர்நாடக அரசுப் பள்ளிகளில் 2007-08ல் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் வந்தது. எந்த வகுப்பில் தொடங்குவது, எந்த மொழி வழியில் நடத்துவது என்ற சண்டைகள் நீதிமன்றம் வரை போயின. இந்தக் கூச்சலில் கேட்கப்படாமலே போன எளிய கேள்வி ஒன்று உண்டு. அந்த வகுப்புக்குள் நுழையும் புது ஆசிரியர் அதற்குமுன் எங்கே, யாரை வைத்து, எத்தனை தடவை பழகினார்?

நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் டாக்டராகிவிட முடியாது. ஆசிரியராகலாம். பி.எட். கல்லூரிகளில் 'நுண்ணிலைக் கற்பித்தல்' என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களில் உருவான முறை. ஐந்து, பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும், குறைகளைக் கேட்க வேண்டும், திருத்திக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் நம் ஊரில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் சக பி.எட். மாணவர்கள். இருபத்து மூன்று வயதுக்காரர் ஆறாம் வகுப்புப் பையனாக நடிக்கிறார். கேட்ட கேள்விக்கு உடனே சரியான பதில் சொல்கிறார், நாளை தன் முறை வரும்போது இவரும் அப்படியே நடிக்க வேண்டுமே! நிஜ ஆறாம் வகுப்புப் பையன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். 'புரிந்ததா?' என்று கேட்டால் நாற்பது குரல்கள் 'எஸ் மிஸ்' என்று ராகம் போடும், ஒன்றும் புரிந்திருக்காது. இந்த ராகத்தைத் தாண்டுவது எப்படி என்பதுதான் தொழில். அதை எந்தப் பாவனை வகுப்பும் கற்றுத் தராது.

விதிகள் மாறாமல் இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு வருடமாக்கி, பள்ளியில் இருபது வாரம் பழக வேண்டும் என்றன. காகிதத்தில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் பள்ளிக்குப் போகும் பயிற்சி மாணவருக்கு நடப்பது என்ன? லீவில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, விடைத்தாள் கூட்டுவது, ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டுவது. மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் சார்ட், மாதிரிப் பழங்கள், முன்பே ஒத்திகை பார்த்த பாடம். அவர் பாடக்குறிப்பு நோட்டில் 'நன்று, கரும்பலகையை மேலும் பயன்படுத்தவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போகிறார். அவரே சாக்பீஸைக் கையில் எடுத்து, 'இப்படிச் செய்து பார்க்கலாமா' என்று அந்த நாற்பது பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் நடத்திக் காட்டுவது அபூர்வம்.

நடத்திக் காட்டியவர்கள் இதே பெங்களூரில் இருந்தார்கள். உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் 'பெங்களூர் திட்டம்' என்று படிக்கும் பரிசோதனை 1979லிருந்து 1984 வரை நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபுவும், 1963ல் தொடங்கப்பட்ட பெங்களூர் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனமும் அதன் பின்னால் இருந்தார்கள். இலக்கணத்தை வரிசையாக ஊட்டுவதற்குப் பதில் ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். எந்த ரயிலில் ஏறினால் சீக்கிரம் போகலாம்? முதலில் ஒரு கணக்கை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து பேசிப் பேசிப் போடுவார். பிறகு அதே மாதிரி இன்னொன்றைக் குழந்தை தனியாகப் போடும். வகுப்பில் பாதிப் பேர் பாதிக்கணக்கையாவது சரியாகப் போட்டால் அந்தப் பாடம் தேறியது. விடையைத் தேடும் மும்முரத்தில் ஆங்கிலம் தானாக உள்ளே இறங்கும் என்பது நம்பிக்கை.

அந்த முறை சரியா, தவறா என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. திட்டத்தின் வகுப்புகளைப் பெரும்பாலும் எடுத்தவர்கள், மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தகுதி கொண்டவர்கள். சாதாரணப் பள்ளிகளில், சாதாரணப் பிள்ளைகள் முன்னால் போய் நின்றார்கள். மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். முடிந்ததும் எது எடுபட்டது, எது விழுந்தது என்று விவாதித்தார்கள்.

கதையின் கசப்பான பகுதியையும் சொல்ல வேண்டும். ஆலன் பெரெட்டா என்ற ஆய்வாளர் பின்னால் இதை அலசி 1990ல் கட்டுரை எழுதினார். தகுதி மிகுந்த அந்தப் பயிற்சியாளர்களுக்குக் கைவந்த முறை, பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்களுக்கு அவ்வளவாகக் கைவரவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. புத்தகத்தில் இல்லாத பதிலைக் குழந்தை சொன்னால், அந்தக் கணமே ஆங்கிலத்தில் எதிர்வினை செய்ய வேண்டும். அந்தச் சரளமும் துணிச்சலும் சுற்றறிக்கை படித்து வருவதில்லை.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. 1950களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தரப் புறப்பட்டார்கள். சிலரைப் பழக்குவது, அவர்கள் பலரைப் பழக்குவது. உருண்டு பெருகும் பனிப்பந்து என்று பெயரும் வைத்தார்கள். வெயில் ஊரில் பனிப்பந்துக்கு என்ன கதியோ, அதுதான் இந்த மாதிரித் திட்டங்களுக்கும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் கொஞ்சம் கரைகிறது. கடைசி ஆசிரியரிடம் போய்ச் சேருவது ஒரு ஃபைலும், மதியச் சாப்பாட்டு நினைவும்.

பெரிய பட்ஜெட் இல்லாமலே செய்யக்கூடியவை உண்டு. பயிற்சி தருபவர் வாரம் ஒரு பீரியட் நிஜ வகுப்பில் தாமே நடத்தட்டும், பயிற்சி மாணவர்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறை சொல்லட்டும். ஒரே பாடத்தைப் புது ஆசிரியர் 'ஏ' பிரிவில் நடத்தி, உட்கார்ந்து பேசி, மறுநாள் 'பி' பிரிவில் திருத்தி நடத்தட்டும். நுண்ணிலைக் கற்பித்தலின் உயிரே அந்த இரண்டாவது தடவைதான், நாம் விட்டுவிடுவதும் அதைத்தான். பள்ளியில் வழிகாட்டும் மூத்த ஆசிரியருக்கு அதற்கென்று நேரம் ஒதுக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புது ஆசிரியரின் சொந்த ஆங்கிலத்துக்கு வேளை கொடுக்க வேண்டும். 'ஜோடியாக உட்காருங்கள்', 'இன்னொரு தடவை சொல்லு', 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' போன்ற ஐம்பது, அறுபது வாக்கியங்கள் நாக்கில் தயாராக இருந்தால் அவருக்குப் பாதி பயம் போய்விடும்.

வசதியான வீட்டுக் குழந்தைக்கு ஆசிரியர் சொதப்பினாலும் நஷ்டமில்லை. அப்பா, அம்மா, டியூஷன், டி.வி. என்று ஆங்கிலம் வர நாலு வாசல். ஒக்கலிபுரத்துக் குழந்தைக்கு இருப்பது ஒரே வாசல், அந்த நாற்பது நிமிட பீரியட். அங்கே நிற்கப்போகிறவரை, சக மாணவர்களின் நடிப்பை வைத்துப் பழக்கி அனுப்பிவிட்டு, குழந்தையைப் பரீட்சையில் ஃபெயில் போடுவது என்ன நியாயம்?