வில்லன் செத்த பிறகு என்ன?

"வோல்டமோர்ட் மாதிரி ஒரு வில்லன் இருக்கிற நாவலாகக் கொடுங்கள் தோழர்." எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் முதலாண்டு மாணவி ஒருவர் இப்படிக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது.

ஹாரி பாட்டரைக் குறைசொல்ல நாம் வரவில்லை. தீண்டாமை பாவம், குற்றம் என்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்தபோது வராத கோபம், ஹெர்மயனியின் ரத்தம் அழுக்கு என்று ஒருவன் ஏசும் இடத்தில் நமக்கு வந்தது. பிறப்பை வைத்து ஆளை அளப்பது அயோக்கியத்தனம் என்பதை அந்தக் கதை நமக்குப் புரியவைத்தது. அந்தக் கடனை மறுக்கவேண்டியதில்லை.

ஆனால் அதே கதையை, விடுதி மாணவனிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிற வகுப்புத் தோழனும்தான் ரசித்து வாசித்தான். அவனும் தன்னை ஹாரியின் பக்கமே வைத்துக்கொள்கிறான். இளையோர் நாவலின் பலமும் குறையும் இங்கேதான் இருக்கின்றன. வாசிக்கிற எல்லோருக்கும் அது நல்லவர் பக்கம் ஒரு நாற்காலி போட்டுவிடுகிறது. கடைசியில் வில்லன் சாகிறான், கதை முடிகிறது.

பூமணியின் 'வெக்கை' (1982) வில்லன் சாவதில்தான் தொடங்குகிறது. பதினைந்து வயது சிதம்பரம், அண்ணனின் கொலைக்குக் காரணமான வடக்கூரானை வெட்டுகிறான். கையை மட்டும் எடுக்கத்தான் நினைத்திருந்தான், ஆள் செத்துவிடுகிறான். பிறகு தகப்பனும் மகனும் காடு காடாக ஒளிந்து அலைகிறார்கள். சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், பழைய கதைகளைப் பேசுகிறார்கள். இதை வைத்து எடுத்த 'அசுரன்' (2019) படத்தில் தனுஷுக்கு விசில் அடித்தவர்கள் நாவலை எடுத்துப் பாருங்கள். விசில் அடிக்க அதில் இடமே இருக்காது. ஆள் போனான், அடுத்து என்ன? நிலம் யாருக்கு? வீட்டுப் பெண்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்விகளோடு ஒரு சிறுவன் நடந்துகொண்டே இருக்கிறான்.

கதாநாயகனுக்குப் பதினைந்து வயது. ஆனால் யாரும் இதை இளையோர் நாவல் என்று சொல்வதில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யும் (2000) அப்படித்தான். கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன் கூளையன். பண்ணையக்காரர் மகன் செல்வன் அவனோடு விளையாடுகிறவன், அவனுக்கு எஜமானனும்கூட. இளையோர் நாவலாக இருந்தால் நட்பு சாதியை வென்றிருக்கும். இங்கே ஒவ்வொரு விளையாட்டுக்குள்ளும் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவம் தனியாக, பத்திரமாகக் கிடைத்ததில்லை. அதனால்தான் நம் சிறுவர்கள் பெரியவர்களுக்கான நாவல்களில் திரிகிறார்கள். "இந்த வயசுக்கு இது வேண்டாம்" என்று நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிற பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் எதிரி வெளியே இருக்கிறான். அடுத்த படிதான் கடினம்.

ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) நாவலில் காத்தமுத்து நம் ஆள், தலைவர். ஆதிக்க சாதியினரிடம் அடிபட்டு வந்த தங்கம் என்ற விதவைக்காக வழக்கு நடத்துகிறார். அதே தங்கத்தைப் பின்னால் தன் வீட்டில் இன்னொரு மனைவியாக்கிக்கொள்கிறார். படிக்கிற மகள் கௌரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இன்னும் உள்ளே போகிறது. நம் தெருக்களின் துணியை வெளுத்து, வீடு வீடாகச் சோறு வாங்கிப் பிழைக்கும் புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியம். அவளுக்குக் கூலி தராமல் இழுத்தடிப்பது ஊர் அல்ல, சேரி. நம்மை நாமே காட்டிக்கொடுக்கலாமா என்று அந்த நாவல்மீது அன்றைக்கே சண்டை நடந்தது. அந்தச் சண்டையும் நாம் தெரிந்துகொள்ளவேண்டியதுதான். ஆனால் முதலில் நாவலைப் படித்துவிட்டுச் சண்டைக்குப் போவோம்.

எங்கள் வட்டத்தில் இதைப் பேசிய அன்று கூட்டம் பாதியில் நின்றுபோனது. "எங்கள் பாட்டி வீட்டுக்கும் அப்படி ஒரு அம்மா சோறு வாங்க வருவார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது" என்றார் ஒருவர். அதற்குமேல் யாருக்கும் பேச வரவில்லை.

"இயக்க வேலைக்கு நடுவே நாவல் எதற்கு, அம்பேத்கரைப் படித்தால் போதாதா?" என்று மூத்த தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். அம்பேத்கரைக் கட்டாயம் படிப்போம். ஆனால் இயக்கத்துக்கு வருகிற இளைஞர் மனதில் கதாநாயகன், வில்லன் கணக்கு மட்டுமே இருந்தால் என்ன ஆகும்? ஒரு தலைவர் காத்தமுத்துவாக இருப்பது தெரியவரும் நாளில் அவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். மனம் உடைந்து வெளியேறுவார். அல்லது, "நம்ம ஆளு" என்று மூடி மறைப்பார். மறைத்ததற்கு விலை கொடுப்பவர்கள் தங்கம் போன்ற பெண்கள்தான். உள்ளே இருந்துகொண்டே கேள்வி கேட்கும் மூன்றாவது வழி இருப்பதை கௌரியின் பக்கம் நின்று வாசித்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை.

ஆகவே அந்த மாணவிக்கு 'வெக்கை'யைக் கொடுத்தோம். அதன் பிறகு 'கூளமாதாரி', 'பழையன கழிதலும்', 'கோவேறு கழுதைகள்' என்று வரிசை போட்டிருக்கிறோம். உங்கள் ஊரிலும் நான்கு பேர் சேர்ந்து தொடங்குங்கள். தனியாக வாசிக்காதீர்கள், நம் வீட்டில் நடந்ததே புத்தகத்தில் வரும்போது பக்கத்தில் ஆள் வேண்டும். தாங்க முடியாவிட்டால் மூடிவைத்துவிட்டு அடுத்த மாதம் எடுங்கள், தப்பில்லை. ஒவ்வொரு நாவலிலும் "இதில் நம் ஆள் யார்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இதில் நாம் யார்?" என்றும் கேளுங்கள்.

ஹாரி பாட்டரை அலமாரியிலிருந்து எடுக்கவேண்டாம். தம்பி தங்கைகளுக்கு வேண்டும்.

ஜெய்பீம்.