ஐந்தடி தள்ளி ஒரு முகம்

செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, அறுவை சிகிச்சை செய்து சிறிதாக்கித் தாருங்கள் என்று கேட்டு வந்தவர்களைப் பார்த்து, அமெரிக்காவின் ரட்கர்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த முகச் சீரமைப்பு மருத்துவர் போரிஸ் பாஸ்கோவர் கணக்குப் போட உட்கார்ந்தார். கணினி வல்லுநர்களையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு 2018-இல் அவர் வெளியிட்ட ஆய்வு சொன்னது இது: ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில், முகத்தின் அகலத்தோடு ஒப்பிட்டால், மூக்கு சுமார் 30 சதவீதம் பெரிதாகத் தெரியும். ஐந்தடி தள்ளிப் போய் எடுத்தால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும்.

போர்ட்ரெய்ட் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான். 35 எம்.எம். முகத்தை உப்பவைக்கும், 85 எம்.எம். அழகாகக் காட்டும் என்று பேசியே பழகிவிட்டது. ஒரே இடத்தில் நின்று இரண்டு லென்ஸிலும் எடுத்து, 35-இல் எடுத்த படத்தை வெட்டி முகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் மூக்கும் காதும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் தூரம். அகலக் கோண லென்ஸை மாட்டியவர் முகத்தைச் சட்டத்துக்குள் நிரப்புவதற்காக நெருங்கிப் போகிறார். வினை அங்கேதான் தொடங்குகிறது.

மூக்கு நுனியிலிருந்து காது வரை சுமார் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால் காது 42 செ.மீ. தள்ளி இருக்கும். காதோடு ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் இதே வித்தியாசம் 8 சதவீதம்தான். ஒருவர் முகத்தை நாம் எதிரே உட்கார்ந்து பேசும்போது பார்த்துப் பழகிய தூரமும் ஏறக்குறைய அதுவே.

85 எம்.எம். லென்ஸுக்குப் பெயர் வந்தது இந்தக் கணக்கால்தான். ஃபுல் ஃப்ரேம் கேமராவை நெடுக்காகப் பிடித்து, தலையும் தோளும் சட்டத்துக்குள் வரும்படி எடுக்க 85 எம்.எம்.முக்கு ஒன்றரை மீட்டர் தூரம் தேவை. அதே படத்துக்கு 50 எம்.எம்.மில் 90 செ.மீ.க்குள் வர வேண்டும், 35 எம்.எம்.மில் இரண்டடிதான். இன்னொரு சங்கதியும் உண்டு. நிக்கான், சோனி, கேனான் நிறுவனங்களின் எஃப் 1.8 அளவுள்ள 85 எம்.எம். லென்ஸ்களில் பெரும்பாலானவை 80 செ.மீ.க்கும் குறைவான தூரத்தில் ஃபோகஸ் ஆவதில்லை. கேனானின் மலிவான 50 எம்.எம்.மோ 35 செ.மீ. வரை நெருங்க விடும். புதிதாகப் படம் எடுக்க வருகிறவரை அளவுக்கு மீறி நெருங்க விடாமல் 85 தடுத்துவிடுகிறது.

முகத்துக்கென்றே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு உருவாக்கியது வியன்னாவில், 1840-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் டாகேர் தன் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்திருந்தார். அன்றைய லென்ஸ்களில் வெளிச்சம் போதாமல், உட்காருபவர் வெயிலில் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. வியன்னா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் யோசெஃப் பெட்ஸ்வால், கணக்கில் தேர்ந்த பீரங்கிப் படை வீரர்கள் சிலரின் உதவியோடு ஒளிக்கதிர்கள் போகும் பாதையைக் கணக்கிட்டு, எஃப் 3.6 அளவுக்குத் திறக்கும் லென்ஸை வடிவமைத்தார். ஃபோய்க்ட்லெண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. அந்த லென்ஸில் ஒரு குறையும் இருந்தது: நடுவில் கூர்மை, ஓரங்களுக்குப் போகப் போக மங்கல். நிலக்காட்சிக்கு அது உதவாது. முகத்துக்கோ அந்தக் குறையே வாய்ப்பாகிப்போனது; கண்ணும் நெற்றியும் துலங்க, மற்றதெல்லாம் பின்வாங்கி நின்றன.

அதன் அருமை தெரிந்து அதைக் கையாண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்த அவருக்கு, 48-ஆவது வயதில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அதில் இருந்தது பெட்ஸ்வால் வகை லென்ஸ். பின்னர் 15-க்கு 12 அங்குலக் கண்ணாடித் தட்டு கொள்ளும் பெரிய கேமராவுக்கு மாறி, தலையை மட்டும் சட்டம் நிறைய எடுத்தார். கவிஞர் டென்னிசன், டார்வின், வானியலாளர் ஹெர்ஷல் என்று அவர் முன் உட்கார்ந்தவர்களின் பட்டியல் நீளம். ஃபோகஸ் சரியில்லை என்று அக்காலப் புகைப்படப் பத்திரிகைகள் அவரைத் திட்டித் தீர்த்தன. அவரோ, தன் கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடத்திலேயே ஃபோகஸை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். ஹெர்ஷலின் 1867-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்களுக்கு யார் பக்கம் நியாயம் என்று விளங்கும். இருட்டிலிருந்து ஒளிவந்து தொட்டதுபோல் கலைந்த வெள்ளை முடி, அதன் கீழே அந்தக் கிழவரின் ஈரம் படிந்த கண்கள். அவ்வளவுதான் படம், வேறெதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

1875-இல் கேமரன் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. கணவருக்கு அங்கே தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் அவர் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை கொஞ்சமே. 1879-இல் இலங்கையிலேயே இறந்தார். கல்லறை போகவந்தலாவையில் இருக்கிறது. மலையகத்துக்குப் போகிற புகைப்படக்காரர்கள் ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

நம் காலத்தில் லென்ஸின் பெயரோடு சேர்த்தே பேசப்படும் முகம், ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமி. பெஷாவர் அருகே ஓர் அகதி முகாமில் 1984-இல் எடுத்து, 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகரஃபிக் அட்டையில் வந்த படம். நிக்கான் எஃப்.எம்.2 கேமரா, எஃப் 2.5 அளவுள்ள 105 எம்.எம். லென்ஸ். விலையில் மலைக்க வைக்கும் லென்ஸ் அல்ல அது. பழைய சாமான் சந்தையில் இன்றும் கிடைக்கிறது. ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். அதற்குப் பொறுமை உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

எஃப் 2.5 என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று எஃப் 1.4, எஃப் 1.2 என்று பின்னணியைக் கரைப்பதிலேயே எல்லோருக்கும் கண். ஃபுல் ஃப்ரேமில் 85 எம்.எம். லென்ஸை எஃப் 1.4-இல் திறந்து ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கல்யாணப் பெண் முகத்தைச் சற்றுத் திருப்பி நிற்கிறாள். கேமராவுக்குப் பக்கத்துக் கண்ணில் ஃபோகஸ். இமைமுடி ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். மூக்குத்திக் கல்லோ உருண்டு திரண்ட ஒளிப்பொட்டாகிவிட்டது, தூரத்துக் கண் மங்கிவிட்டது, ஜிமிக்கி எதுவென்றே தெரியவில்லை. அம்மா பார்த்துப் பார்த்து வாங்கிய நகை அது. எஃப் 4-க்கு வந்தால் ஆழம் ஏழு சென்டிமீட்டராகும், முகத்தின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பின்னணியைச் சில அடிகள் தள்ளி அமைத்துக்கொண்டால் அது அப்போதும் கரையும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு அகலத் திறப்பு கைகொடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கேனானின் எஃப் 1.2 லென்ஸின் பழைய மாதிரி ஒரு கிலோவுக்கு மேல் எடை, எஃப் 1.8 லென்ஸ் 425 கிராம். முகூர்த்தம் தொடங்கிப் பந்தி முடியும் வரை கழுத்தில் தொங்கப்போவது எது என்று யோசித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

முகம் மட்டுமே ஆளின் அடையாளமில்லை என்று நினைப்பவர்களுக்கு நீள லென்ஸ் ஒத்துவராது. ஆர்னால்ட் நியூமன் 1946-இல் இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியைப் படம் எடுத்தபோது, சட்டத்தின் பெரும்பகுதியைப் பியானோவின் தூக்கிய மூடிக்கே கொடுத்துவிட்டார். ஸ்ட்ராவின்ஸ்கி ஒரு மூலையில் சிறிதாக, தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறார். தறியோடு நெசவாளரை, அடுப்போடு சமையல்காரரை எடுக்க விரும்புகிறவர் 35 எம்.எம். வாங்குவதே சரி. முகத்தைச் சட்டத்தின் ஓரத்தில் வைக்காமலும், ஐந்தடிக்குள் போகாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

கைபேசிக்கும் இதே கணக்குதான். அதன் முதன்மை கேமரா அகலக் கோணம் கொண்டது. 2016-இல் ஐஃபோன் 7 பிளஸில் போர்ட்ரெய்ட் வசதியைக் கொண்டுவந்தபோது, ஆப்பிள் அதற்கு 56 எம்.எம். லென்ஸுக்கு ஈடான இரண்டாவது கேமராவைத்தான் பயன்படுத்தியது. இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு பொத்தானை அழுத்திவிட்டு இரண்டெட்டு பின்னால் போவதற்குக் காசு செலவில்லை.

இங்கே பலரிடமும் இருப்பது, ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள க்ராப் சென்சார் கேமரா. அதில் 50 எம்.எம். லென்ஸ், 75 அல்லது 80 எம்.எம். போல நடந்துகொள்ளும். முகத்துக்கு அதுவே போதும், எஃப் 1.8 அளவில் வாங்கினால் விலையும் கைக்கு அடக்கம். பிறர் சொல் கேட்டு 85 வாங்கியவர்கள் வீட்டுக்குள் திணறுவதைப் பார்க்கலாம். க்ராப் சென்சாரில் 85 எம்.எம்.மை மாட்டி நிற்கும் ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க ஏழு மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும், அதாவது இருபத்து நான்கு அடி. 50 எம்.எம்.முக்குப் பதினான்கு அடி, 35 எம்.எம்.முக்குப் பத்தடி. கடைக்குக் கிளம்புவதற்கு முன் படம் எடுக்கப்போகும் அறையை ஒருமுறை டேப் வைத்து அளந்துவிட வேண்டும். கேமராவோடு வந்த 18–55 கிட் லென்ஸை 35-இல் ஒரு வாரம், 50-இல் ஒரு வாரம் நிறுத்தி வீட்டு மனிதர்களை எடுத்துப் பார்த்தால், எந்த லென்ஸுக்குப் பணம் கட்டலாம் என்பது அந்தப் படங்களிலேயே தெரிந்துவிடும்.