அக்கிலீஸும் ஆமையும்

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பொன்றிலே பெருக்கல் விருத்தி கற்பித்துக்கொண்டிருந்தேன். வெறுஞ் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "கணக்கைச் செய்யுங்கள்" என்று சொல்வது எனக்கு உடன்பாடன்று. ஆகையால், பாடத்துக்குச் சுவை சேர்க்கும் பொருட்டுக் கிரேக்க ஞானி சீனோவின் ஓட்டப்பந்தயக் கதையை எடுத்துக்கொண்டேன்.

கதை இதுதான். அக்கிலீஸ் என்னும் வீரன் ஓட்டத்தில் நிகரற்றவன். அவனுக்கும் ஓர் ஆமைக்கும் பந்தயம். ஆமையின் நிலைக்கு இரங்கி, அதனை 100 மீற்றர் முன்னே நிறுத்துகின்றனர். வீரன் செக்கனுக்கு 10 மீற்றரும் ஆமை 1 மீற்றரும் செல்வதாகக் கொள்வோம். (இத்துணை விரைவுள்ள ஆமையை நானும் கண்டதில்லை. கணக்கு எளிதாகும் பொருட்டு வாசகர்கள் பொறுத்தருள்க.) ஆமை நின்ற இடத்தை வீரன் அடைவதற்குள் அது 10 மீற்றர் சென்றுவிடுகின்றது. அந்தப் பத்தையும் அவன் கடந்தால், அது இன்னும் ஒரு மீற்றர் முன்னே நிற்கின்றது. அதையும் கடந்தால், மேலும் பத்துச் சதமமீற்றர். இவ்வாறு, அவன் ஆமை இருந்த இடத்தை அடையுந்தோறும் ஆமை அங்கே இல்லை. கட்டங்களுக்கோ முடிவில்லை. ஆதலின் அவன் ஆமையை ஒருபோதும் பிடிக்கமாட்டான் என்கின்றார் சீனோ.

நான் வெற்றிப் புன்னகையோடு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். 10 + 1 + 1/10 + 1/100 என்று எழுதி, முடிவிலிவரை கூட்டினால் 100/9 செக்கன் வருமெனக் காட்டினேன். பதினொரு செக்கனுக்குச் சற்று மேலே ஆமை பிடிபட்டுவிடும். "சீனோவுக்குப் பெருக்கல் விருத்தி தெரியாது, அவ்வளவுதான்" என்றேன். வகுப்புச் சிரித்தது.

கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "சேர், எப்போது பிடிப்பான் என்று காட்டினீர்கள். எப்படிப் பிடிப்பான் என்று காட்டவில்லையே. இந்தக் கட்டங்களிலே கடைசிக் கட்டம் எது?"

"கடைசிக் கட்டம் என்று ஒன்று இல்லை. அதுதான் முடிவிலி."

"கடைசிக் கட்டமே இல்லையென்றால், அவன் எல்லாவற்றையும் எப்படி முடித்தான்?"

எனக்கு விடை தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. "பரீட்சைக்கு வராத கேள்வி, இரும்" என்றேன். அவர் இருந்தார். மணியும் அடித்தது. அந்த "இரும்" என்ற சொல் நெடுநாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அதன் பின்னரே சீனோவைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

சீனோ கி.மு. 5 ஆம் நூற்றாண்டினர். தென் இத்தாலியிலே கிரேக்கர் குடியேறிய எலியா என்னும் பட்டினத்தவர். உள்பொருள் ஒன்றே, அதற்கு மாற்றமும் இல்லை, அசைவும் இல்லை என்று போதித்த பர்மெனிடிஸ் இவருடைய ஆசிரியர். ஆசிரியரை ஊரார் எள்ளினர். "உள்பொருள் ஒன்றே என்பது நகைப்புக்குரியதானால், உள்பொருள் பல என்னும் உங்கள் கொள்கையிலிருந்து அதனினும் நகைப்புக்குரியவை பிறக்கின்றன, பாருங்கள்" என்று காட்டவே சீனோ தம் நூலை எழுதினார் என்பது பிளேட்டோ தரும் செய்தி. அந்நூல் மறைந்துபோயிற்று. அசைவைப் பற்றிய நான்கு புதிர்களையும் நாம் அறிவது பெரும்பாலும் அவற்றை மறுக்கப் புகுந்த அரிஸ்டோட்டிலின் வாயிலாகவே. சுவையான செய்தியொன்று: அரிஸ்டோட்டில் ஆமையைக் குறிப்பிடவேயில்லை. "மிக மெதுவாகச் செல்வது" என்று மட்டுமே சொல்கின்றார். ஆமை பிற்கால உரையாசிரியர்களின் எழுத்திலேதான் தலைகாட்டுகின்றது. நான்கு புதிர்களுள் பறக்கும் அம்பு பற்றியது தனிக் கட்டுரைக்குரியது; அதனை மற்றொரு ஞாயிறு காண்போம்.

அசைவே இல்லை என்று ஒருவர் வாதித்தபோது, டயோஜினிஸ் என்னும் ஞானி மறுமொழி கூறாது எழுந்து நடந்து காட்டினார் என ஒரு கதை வழங்குகின்றது. பலர் இதனைச் சீனோவுக்குக் கிடைத்த சரியான அடி என்பர். டயோஜினிஸ் சீனோவுக்கு ஏறத்தாழ நூறாண்டு பிந்தியவர் என்பது ஒருபுறமிருக்க, அது விடையே அன்று என்பது என் கருத்து. வீரன் ஆமையை முந்துவதைச் சீனோவும் கண்ணாற் கண்டவர்தாம். கண்ணுக்குத் தெரிவது கருத்துக்கு ஏன் இசையவில்லை என்பதன்றோ கேள்வி! நான் சுண்ணக்கட்டியாற் செய்ததும் டயோஜினிஸ் காலாற் செய்ததும் ஒன்றே.

அரிஸ்டோட்டில் இதற்கு இருமுறை விடையளித்திருக்கின்றார். "பௌதிகம்" என்னும் நூலின் ஆறாம் பகுதியிலே, தூரத்தை எவ்வாறு முடிவின்றிப் பகுக்கலாமோ அவ்வாறே காலத்தையும் பகுக்கலாம், ஆகவே முடிவற்ற கூறுகளைக் கடக்க முடிவற்ற கூறுகளையுடைய காலம் இருக்கின்றது என்கின்றார். ஏறக்குறைய என் கரும்பலகை விடைதான். ஆனால் எட்டாம் பகுதியிலே மீண்டும் வந்து, அவ்விடை கேட்டவரின் வாயை அடைக்கப் போதுமானதேயன்றிப் பொருளின் உண்மையை விளக்கப் போதாது என்று தாமே கூறுகின்றார். இவ்விடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன்.

அவருடைய இரண்டாம் விடை பின்வருமாறு. ஒரு கயிற்றை எங்கு வேண்டுமாயினும் வெட்டலாம். அதனால் அக்கயிறு முன்னரே முடிவற்ற துண்டுகளாய்க் கிடக்கின்றது என்றாகுமா? ஆகாது. அதுபோல, ஓடும் வழியை முடிவின்றிப் பகுக்க இயலும். ஆயினும் ஓடுபவன் அதனைப் பகுப்பதில்லை. தொடர்ச்சியான ஓட்டம் ஒன்றையே அவன் ஓடுகின்றான். ஒவ்வொரு குறியிலும் நின்று நின்று புறப்படுபவனாயின் அவன் ஒருபோதும் போய்ச்சேரான். கயிறு என் உவமை, கருத்து அவருடையது.

கணித சாஸ்திரம் வேறு வழியிற் சென்றது. முடிவிலித் தொடரின் கூட்டுத்தொகை என்றால் என்ன என்பதற்குத் திட்டமான வரையறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் நிலைபெற்றது. பிரெஞ்சு அறிஞர் கோஷி 1821 இல் வெளியிட்ட பாடநூல் அதற்குப் பெருந்துணை புரிந்தது. அவ்வரையறைப்படி, முடிவற்ற எண்களை யாரும் கூட்டி முடிப்பதில்லை. கூட்டக் கூட்டத் தொகை எந்த எண்ணை நாம் விரும்பிய அளவுக்கு நெருங்கி, அந்த நெருக்கத்திலேயே நிற்கின்றதோ, அந்த எல்லையையே கூட்டுத்தொகை என்கின்றோம். நான் அன்று "கூட்டினால் வரும்" என்றது தவறு. மாணவர் அந்த இடத்திலேதான் கைவைத்தார்.

எனினும் அவருடைய கேள்வியிலும் சொல்லாத துணிபு ஒன்று மறைந்திருக்கின்றது. ஒன்றை முடிப்பதென்றால் அதற்குக் கடைசிக் கட்டம் இருந்தே ஆகவேண்டும் என்பதே அது. அவ்வாறு இருந்தாக வேண்டுமா? 100/9 செக்கன் ஆனதும் எந்தக் கட்டத்தையேனும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: நூறாவதா, கோடியாவதா? அது முடிந்துவிட்டது. முடியாதது என்று ஒன்றைக்கூடச் சுட்ட இயலாது. யாதொன்றும் எஞ்சவில்லையாயின் எல்லாம் முடிந்தன என்பதே பொருள். கடைசி என ஒன்று வேண்டியதில்லை. நம்மை மயக்குவது கதை சொல்லும் முறை. வீரனுக்கு அடுத்தடுத்த கட்டங்கள் பத்திலொன்றாகக் குறுகுகின்றன. நமக்கோ ஒவ்வொரு கட்டத்தையும் நினைக்க ஏறக்குறைய ஒரே நேரம் பிடிக்கின்றது. முடிவின்றி நீள்வது நம் எண்ணிக்கையே. அவன் ஓட்டம் அன்று.

இத்துடன் விடயம் தீர்ந்ததா என்றால், இல்லை. 1954 இல் ஜேம்ஸ் தொம்சன் என்னும் தத்துவ ஆசிரியர் ஒரு விளக்கைக் கொண்டுவந்தார். ஒரு நிமிடம் எரிகின்றது. அரை நிமிடம் அணைகின்றது. கால் நிமிடம் எரிகின்றது. இவ்வாறே மாறி மாறிச் செல்ல, இரண்டு நிமிடம் ஆகும்பொழுது விளக்கு எரியுமா, அணைந்திருக்குமா? எரியவிட்ட ஒவ்வொரு முறையும் பின்னர் அணைத்தாயிற்று. அணைத்த ஒவ்வொரு முறையும் பின்னர் எரியவிட்டாயிற்று. காலத்தின் தொகை இரண்டு நிமிடம் என்று விருத்தி சொல்கின்றது. விளக்கின் நிலையை அது சொல்லவில்லை. 1962 இல் அமெரிக்கரான போல் பெனசெராவ், தரப்பட்ட நிபந்தனைகள் யாவும் இரண்டு நிமிடத்துக்கு முந்திய கணங்களைப் பற்றியனவே, இரண்டாம் நிமிட முடிவைப் பற்றி அவை எதுவுமே சொல்லவில்லை என்று காட்டினார். ஆகவே எரிந்தாலும் முரணில்லை, அணைந்தாலும் முரணில்லை. ஆமையின் பந்தயத்திலோ நிலைமை வேறு. ஓட்டம் தொடர்ச்சியானதாகையால், வீரன் அக்கணத்தில் எங்கே இருப்பான் என்பதற்கு ஒரே இடந்தான் உண்டு.

இவ்வாண்டு வகுப்பிலே விளக்கின் கதையைச் சொன்னேன். பாதிப் பேர் எரியும் என்றனர்; மீதிப் பேர் அணைந்திருக்கும் என்றனர். மின்கட்டணம் யார் செலுத்துவது என்று கேட்டார் ஒருவர். முன் வாங்கு மாணவி ஒருவர் எழுந்து, "சேர், ஆளியை அவ்வளவு வேகமாக அழுத்த எந்தக் கையாலும் முடியாதே. நடக்க முடியாத ஒன்றைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு விடை இருக்கவேண்டுமா?" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் இருக்கப் போனார். "நில்லும்," என்றேன், "கேள்வியை இன்னொருமுறை மெதுவாகச் சொல்லும்; எழுதிக்கொள்கிறேன்."