தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டு ஜவுளிக்கடைகளில் குழந்தைகள் பிரிவுக்கு வருகிற அம்மாக்களில் பலருக்கு ஒரே ஆரம்பம்தான். "பாப்பாவுக்கு நாளைக்குப் பொறந்தநாளுங்க்கா, நல்லதா நாலு எடுத்துப் போடுங்க."

எடுத்துப் போடுகிறவருக்கு வயது 46. அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமம். சத்தி ரோட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, பத்து மணிக்கு முன்னால் கடைக்குள் இருந்தாக வேண்டும். பதினெட்டு வருஷமாக அதே பிரிவுதான். வயசாகிறது என்பதைக் கண்ணாடியைவிட வாடிக்கையாளர்கள்தான் அவருக்குச் சொல்கிறார்கள். முதல் பிறந்தநாளுக்கு ஃப்ரில் வைத்த கவுன் போட்டுப் பார்த்த குழந்தை, போன வருஷம் காலேஜ் சேர சுடிதார் எடுக்க வந்து நின்றது. பெண்ணை அடையாளம் தெரியவில்லை. ஆனால் கூட வந்த அம்மாவின் குரல் தெரிந்தது. "ரோஸ் வேண்டவே வேண்டாம்னு சொல்லிப்போட்டுக் கடைசியில ரோஸே எடுத்துட்டுப் போனீங்களே" என்றார். அந்த அம்மாவுக்கே அது ஞாபகமில்லை.

வீட்டுச் சாவியைத் தினமும் தேடுகிறவர் இவர். பக்கத்து கவுண்ட்டர் பெண்ணின் பெயர் சில சமயம் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. மாதவிலக்கு நிற்கப் போகிற வயதில் தூக்கம் கெடுவதும், சின்னச் சின்ன மறதி வருவதும் சகஜம். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் இதைப் பெண்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பயந்து முடித்த பிறகுதான் தெரிய வருகிறது.

மகள் பிறந்தது 2010 ஜூன், கோயமுத்தூரில் செம்மொழி மாநாடு நடந்த வாரம். ஊரே ஜனமாக இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கிடைக்கவில்லை. தேதியைக் கேட்டால் ஒரு நொடி யோசிப்பார், மாநாட்டைச் சொன்னால் உடனே வந்துவிடும். இந்தப் பக்கத்தில் இப்படித்தான் கணக்கு. அவருடைய அம்மிச்சி, தான் பிறந்ததை 'பைக்காரா கரண்ட் வந்த வருஷம்' என்பார். பைக்காராவிலிருந்து கோயமுத்தூருக்கு மின்சாரம் வந்தது 1930களின் தொடக்கத்தில். மில்லுகள் பெருகின காலம். அந்தக் கிழவிக்குக் கடைசிவரை அதுதான் பிறப்புச் சான்றிதழ்.

இவருக்குச் சான்றிதழ் இருக்கிறது, பிறந்தநாள்தான் சரியில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969லேயே வந்துவிட்டது. ஆனாலும் கிராமத்தில் வீட்டிலேயே நடந்த எத்தனையோ பிரசவங்கள் பதிவேட்டுக்குப் போய்ச் சேரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் தலைக்கு மேலே வலது கையைச் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். விரல் எட்டியது. ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டுமே, அதனால் ஜூன் 1 என்று எழுதிவிட்டார். ஒரே வகுப்பில் பத்துப் பேருக்கு ஜூன் 1 இருந்த காலம் அது.

நிஜத்தில் பிறந்தது ஐப்பசியில். "தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி, முறுக்குக்கு மாவு ஆட்டிட்டிருந்தனா, வலி வந்துருச்சு சாமி" என்று அம்மா சொல்வார். ஆக, ஜூன் முதல் தேதி காலையில் வங்கியிலிருந்து வாழ்த்து வரும். மதியம் இன்சூரன்ஸ்காரர் அனுப்புவார். வீட்டில் யாருக்கும் அன்றைக்கு ஒன்றுமில்லை. பி.எஃப். பென்ஷனுக்கான 58 வயதும் அந்தத் தேதியைத்தான் கேட்கும். வாத்தியாரின் பேனா அவரை நாலைந்து மாதம் மூப்பாக்கி வைத்திருக்கிறது.

அசல் பிறந்தநாளோ, ஜவுளிக்கடையில் மூச்சுவிட நேரமில்லாத நாள். வருஷாவருஷம் அந்த நாளில் ராத்திரி பதினொரு மணிவரை நின்றிருக்கிறார். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு நிற்கிறது. நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிவிடும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கி, ரத்தக்குழாய் புடைத்துக்கொள்ளும். துணிக்கடையில் பார்ப்பது இந்த இரண்டாவது வகை வேலை.

2021ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஊழியர்கள் நேரம் முழுக்க நின்றே இருக்கக் கூடாது, உட்கார இடம் தர வேண்டும் என்பது அதன் சாரம். கேரளத்தில் பெண்கள் கேட்டுப் போராடி 2018லேயே இதை வாங்கியிருந்தார்கள். உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இவர் பிரிவுக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. கூட்டமில்லாத மத்தியானங்களில் உட்காருகிறார். வாடிக்கையாளர் தலை தெரிந்ததும் கால் தானாக எழுந்துவிடுகிறது. பதினெட்டு வருஷப் பழக்கத்தைச் சட்டம் வந்து மாற்றவா முடியும்?

பஸ் கணபதி வழியாகப் போகும்போது சில நாள் நானம்மாள் பாட்டி ஞாபகம் வரும். அந்தக் கணபதியில்தான் அவர் யோகா சொல்லிக் கொடுத்தார். ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர், 2018ல் பத்மஸ்ரீ வாங்கியவர், 2019ல் 99 வயதில் மறைந்தார். 'அந்த வயசுல அவங்க தலைகீழா நிப்பாங்களாம், நம்மாள நேராவே நிக்க முடியல' என்று தன்னையே கேலி செய்துகொள்வார்.

இவரை நிஜமாக உறுத்தியது வேறு. ஊரார் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்தவர், மகள் பிறந்தநாளுக்கு ஒருமுறைகூடப் பகலில் வீட்டில் இருந்ததில்லை. ஜூன் என்றால் பள்ளி திறக்கிற நேரம், யூனிஃபார்ம் கூட்டம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில் அரைக் கிலோ கேக் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வருவார். அந்த ஒரு நாள் மட்டும் எப்பாடுபட்டாவது சீட் பிடித்துவிடுவார். வீடு சேர பத்தே முக்கால். எழுப்பி உட்காரவைத்து வெட்டச் சொல்வார். எல்லா ஃபோட்டோவிலும் மகள் அரைக்கண்ணோடு இருக்கும், கேக்கின் ஒரு பக்கம் க்ரீம் நசுங்கியிருக்கும்.

போன ஜூனில் 15 முடிந்தது. ஃபோட்டோக்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்த மகள், "எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் சாயங்காலம்தான் கேக்கு. எனக்கு மட்டுந்தாம்மா நடுராத்திரி. நான் அதைப் பெருமையா சொல்லிட்டுத் திரிவேன்" என்றது. அம்மா எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தார். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்றைக்கே மகள் ஃபோனில் பழைய பஞ்சாங்கத்தைத் தேடி, அந்த வருஷத்துத் தீபாவளியைக் கண்டுபிடித்து, மூன்று நாள் பின்னால் எண்ணித் தேதியைச் சொல்லிவிட்டது. கிழமையும் கிடைத்தது. ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாமாம், மாத்திரலாம்மா என்றது.

"அதுக்கு ஒரு நாள் லீவு போடணும் கண்ணு" என்றார். "அந்த லீவை ஐப்பசிக்கு வெச்சுக்கறேன்."