மேக்கப்பும் வுழூவும் மென்மையான தோலும்



கல்யாணக் காலம் வந்துவிட்டால் ஒரு கேள்வி தவறாமல் என்னிடம் வரும். "மௌலவி, மேக்கப்போடு வுழூச் செய்தால் கூடுமா?" கேட்பவர் பெரும்பாலும் மணப்பெண்ணின் உம்மாவாக இருப்பார். பதில் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார் என்பது குரலிலேயே விளங்கும். காலையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துச் செய்த அலங்காரம். லுஹரோடு நிக்காஹ், பிறகு சாப்பாடு, பிறகு படம் பிடிப்பு. அஸர் போய், மஃரிபும் போய்விடுகிறது.

வுழூச் செய்துவிட்டு மேக்கப் போட்டால் போதும் என்று சிலர் வழி சொல்வார்கள். லுஹருக்கு அது சரிவரலாம். ஆனால் நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை கையைப் பிடித்தால், நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி அந்த வுழூ முறிந்துவிடும். ஆகவே என்றாவது ஒரு வேளை அந்த முகத்தைக் கழுவித்தான் ஆகவேண்டும்.

கழுவுவதில்தான் எங்கள் வெலிமடைப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் இருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று ஈரமில்லாமல் வருகிறது. ஊவாத் தேயிலைக்கு அந்த வாசத்தைக் கொடுப்பது அதே காற்றுத்தான். ஆனால் உதட்டையும் கன்னத்தையும் அது வெடிக்க வைக்கும். அப்படிப்பட்ட தோலில் சவர்க்காரத்தைப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில், துவாயால் உரசி உரசிக் கழுவினால் என்ன ஆகும்? முகம் சிவந்து எரியும். அடுத்த முறை அந்தப் பிள்ளை கழுவவே பயப்படுவாள். சிலர் அதற்குப் பிறகு தொழுகையைக் களாவாக்கி விடுகிறார்கள். சிலர் "இன்னும் போகவில்லையோ" என்ற வஸ்வாஸில் தோல் உரியும் வரை தேய்க்கிறார்கள். இரண்டும் தேவையற்றவை.

மார்க்கம் கேட்பது இவ்வளவுதான். சூரத்துல் மாயிதாவின் ஆறாவது வசனம் முகத்தைக் கழுவச் சொல்கிறது. தண்ணீர் தோலை அடைய வேண்டும். இடையில் தடுக்கும் படலம் இருக்கக் கூடாது. படலம் போய்ச் சாயம் மட்டும் எஞ்சினால் அது மருதாணி நிறம் போன்றது, வுழூவுக்குக் குறையில்லை. தேய்ப்பதோ ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத், பர்ளு அல்ல. தண்ணீர் தோல் முழுவதும் ஓடினால் போதும். இமாம் நவவீ (ரஹ்) தமது 'அல்மஜ்மூஃ' நூலில், உறுப்பில் திரவ எண்ணெய் இருந்து, தண்ணீர் அதன் மேல் ஓடி, தங்காமல் வழிந்தாலும் வுழூ நிறைவேறும் என்கிறார். கட்டியாய் உறைந்த கொழுப்பு அப்படியல்ல. மேக்கப்பை எண்ணெயால் துடைத்தால் அந்தப் பிசுபிசுப்பு வுழூவைக் கெடுத்துவிடுமோ என்று பயப்படும் சகோதரிகள் இதைக் கவனிக்கவும்.

எண்ணெய்தான் பெரும்பாலானவருக்கு நல்ல வழியும். தண்ணீருக்கு அசையாத வோட்டர்ப்ரூஃப் மேக்கப் எண்ணெயில் கரையும். வாசனை சேர்க்காத மினரல் ஒயில் மென்மையான தோலுக்கு ஒத்துப்போகக் கூடியது. சூரியகாந்தி எண்ணெயும் நல்லது. ஒலிவ் எண்ணெய் சுன்னாவில் புகழப்பட்டதுதான். ஆனால் அதை அடிக்கடி பூசினால் வறண்ட தோலின் காப்புப் படலம் பலவீனமாகலாம் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே உண்டு. பருவுள்ள முகத்துக்கு மட்டும் அது ஆகாது, துளைகளை அடைத்துவிடும்.

கடைகளில் 'மைசெல்லர் வோட்டர்' என்று விற்பதும் பலருக்கு ஒத்துவரும். அது தண்ணீரில் மிகக் குறைந்த அளவு கழுவும் பொருள் கலந்தது. துடைத்தால் போதும் என்று போத்தலில் எழுதியிருந்தாலும், மென்மையான தோல்காரர் பிறகு வெறும் தண்ணீரால் கழுவுவதே நல்லது. வுழூவுக்கும் அதுவே பேணுதல். ஏனெனில் முகத்தில் உள்ள பொருள் கலந்து தண்ணீரின் தன்மை பெரிதும் மாறிவிட்டால் அது சுத்தப்படுத்தும் தண்ணீராக இராது. முதலில் மேக்கப்பை நீக்கி, அலசிவிட்டு, அதன் பிறகு வுழூவைத் தொடங்குங்கள்.

போத்தலை வாங்கும்போது முன்பக்கத்துப் பூப்படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்து எழுத்தைப் பாருங்கள். 'ஃப்ரேக்ரன்ஸ் ஃப்ரீ' என்பது வாசனை சேர்க்காதது. 'அன்சென்டட்' என்பது வேறு. அதில் மற்ற வாடையை மறைக்கவே ஒரு வாசனை சேர்த்திருக்கக் கூடும். தோலை உலர்த்தும் அல்கஹோல் அதிகமுள்ளதையும் தவிர்க்கவும். சவர்க்காரம் காரத்தன்மை உடையது, தோலோ சற்று அமிலத்தன்மை உடையது; அதனால்தான் கழுவியதும் முகம் இழுக்கிறது. நகச்சாயம் நீக்கும் அசிட்டோனை முகத்தருகே கொண்டு போகவே வேண்டாம். (நகச்சாயமும் படலம்தான், வுழூவுக்கு முன் அதையும் நீக்க வேண்டும்.)

கண்ணுக்கு இன்னும் பொறுமை தேவை. இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. இமை மயிரையும் அதன் அடியையும் கழுவுவது கட்டாயம் என்பதால் மஸ்காராவை விட்டுவிடவும் முடியாது. பஞ்சில் எண்ணெய் நனைத்து, மூடிய கண்மேல் அரை நிமிடம் வைத்திருங்கள். பிறகு மேலிருந்து கீழாக மெல்லத் துடைத்தால் கழன்று வரும். கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையல்ல. ஆகையால் உள்ளே இட்ட சுர்மா வுழூவைத் தடுக்காது. ஆனால் சுர்மாவைப் பற்றி ஒரு வார்த்தை: நபி (ஸல்) அவர்கள் பாராட்டியது 'இஸ்மித்' எனும் அஞ்சனக் கல். சந்தையில் அந்தப் பெயரில் விற்கும் பலவற்றில் ஈயம் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்துள்ளது. சிறு பிள்ளைகளின் கண்ணுக்கு அவற்றைத் தீட்டாதீர்கள்.

எதைப் பூசினாலும் எரிகிறது என்று சொல்லும் பிள்ளையிடம், வெள்ளையாக்கும் கிறீம் பாவிக்கிறாளா என்று உம்மாமார் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீரொயிட் மருந்தும் இருக்கின்றன. ஸ்டீரொயிட் தோலை மெலிய வைத்துவிடும். அதன் பின் எந்த நல்ல எண்ணெயும் எரியத்தான் செய்யும். பாதரசம் கலந்த அழகுப் பொருட்களை 2025க்குள் ஒழிக்க மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஜெனீவாவில் முடிவெடுத்தன. ஆயினும் விலாசமில்லாத டப்பாக்கள் இன்னும் கைமாறித்தான் வருகின்றன. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தேவை புதுப் போத்தல் அல்ல, தோல் வைத்தியர். தோல் வெடித்துப் புண்ணாகித் தண்ணீர் படக்கூடாது என்று டொக்டர் சொன்னால் தயம்மும் உண்டு. அதன் முறையை உங்கள் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கல்யாணத்துக்கு முதல் நாள் புதுப் போத்தலைத் திறக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி, முழங்கையின் உட்புறத்தில் காசளவு இடத்தில் தினம் இரண்டு வேளை பூசிப் பாருங்கள். சிவக்காமல், அரிக்காமல் இருந்தால் முகத்துக்கு எடுங்கள். அந்தப் போத்தலையும் ஒரு பொட்டலம் பஞ்சையும் ஒரு மெல்லிய துணியையும் மணப்பெண்ணின் பையில் தொழுகைப் பாயோடு வைத்துவிட்டால், அஸருக்குப் பத்து நிமிடம் போதும்.